உருட்டிய பந்தில் தங்கம்

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் தேதி. இங்கிலாந்து நாட்டில் லெமிங்டன் ஸ்பா என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊரில் விக்டோரியா பூங்கா இருக்கிறது. பூங்காவில் பச்சைப் பசேல் என்று ஒரு புல்தரை. பாய் விரித்தது போல மட்டமான தரை.

அந்தத் தரையில் நான்கு இந்தியப் பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கு எதிரே தென்னாப்பிரிக்கா நாட்டின் நான்கு பெண்கள். ஆட்டம் முடிந்தது. இந்தியா 17 புள்ளிகள். தென்னாப்பிரிக்கா 10 புள்ளிகள். நம் பெண்கள் தங்கப் பதக்கம் வென்றார்கள்.

நம் நாட்டில் பலருக்கும் செய்தி வந்த பிறகுதான் ஒரு கேள்வி எழுந்தது. அது என்ன ஆட்டம்? அதன் பெயர் லான் பவுல்ஸ். லான் என்றால் புல்தரை. பவுல்ஸ் என்றால் உருட்டும் பந்துகள். புல்தரையில் பந்தை உருட்டி ஆடும் ஆட்டம் இது.

அந்த நான்கு பெண்கள் யார்? எங்கிருந்து வந்தார்கள்? யாருக்கும் தெரியாத ஓர் ஆட்டத்தில் எப்படி இவ்வளவு தூரம் போனார்கள்? இதைத்தான் இங்கே படிக்கப் போகிறோம்.

ஆட்டம் எப்படி?

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். தெரிந்தால்தான் வெற்றியின் அருமை புரியும்.

சிறு வயதில் நாம் கோலி ஆடியிருப்போம். ஒரு கோலியைக் குறியாக வைப்போம். மற்றக் கோலிகளை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். லான் பவுல்ஸ் ஆட்டத்தின் அடிப்படையும் ஏறக்குறைய இதுதான்.

ஆடும் தரையின் நீளம் 31 மீட்டர் முதல் 40 மீட்டர் வரை இருக்கும். அதாவது சுமார் 100 அடி முதல் 130 அடி. ஒரு முனையில் ஒரு சிறு விரிப்பைப் போடுவார்கள். அதன் மேல் நின்றுதான் பந்தை உருட்ட வேண்டும்.

முதலில் ஒரு சிறிய பந்தை உருட்டி விடுவார்கள். அது வெள்ளை நிறமாகவோ மஞ்சள் நிறமாகவோ இருக்கும். சாத்துக்குடிப் பழத்தின் அளவு. அதற்கு ஜாக் என்று பெயர். ஜாக்தான் குறி. அது விரிப்பிலிருந்து 23 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் போய் நிற்க வேண்டும்.

பிறகு இரண்டு அணியினரும் மாறி மாறிப் பெரிய பந்துகளை உருட்டுவார்கள். பெரிய பந்து உரித்த தேங்காய் அளவு இருக்கும். எடை ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். அந்தக் காலத்தில் வைரம் பாய்ந்த மரக்கட்டையில் பந்தைக் கடைந்தார்கள். இப்போது கெட்டியான பிளாஸ்டிக் போன்ற பொருளில் செய்கிறார்கள்.

எந்த அணியின் பந்து ஜாக்கின் மிக அருகில் நிற்கிறதோ, அந்த அணிக்குப் புள்ளி. எத்தனை புள்ளி? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் அணியின் இரண்டு பந்துகள் ஜாக்கை ஒட்டி நிற்கின்றன. மூன்றாவதாக நிற்பது எதிர் அணியின் பந்து. அப்படியானால் நமக்கு 2 புள்ளிகள். எதிர் அணிக்கு ஒன்றும் கிடையாது. நான்காவதாக நம் பந்து நின்றாலும் அது கணக்கில் வராது. எதிர் அணியின் மிக நெருங்கிய பந்துக்கு முன்னால் நம் பந்துகள் எத்தனை உண்டோ, அத்தனை புள்ளிகள்தான்.

நான்கு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 2 பந்துகள். அணிக்கு 8. இரண்டு அணிக்கும் சேர்த்து 16. இந்த 16 பந்துகளையும் உருட்டி முடித்தால் ஒரு சுற்று. 2022 போட்டியில் ஓர் ஆட்டத்துக்கு 15 சுற்றுகள்.

நேராகப் போகாத பந்து

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, இல்லையா? பந்தை உருட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

இந்தப் பந்து நேராகப் போகாது. ஏன்? அது முழு உருண்டை அல்ல. ஒரு பக்கத்து வளைவுக்கும் மறு பக்கத்து வளைவுக்கும் சிறிது வேறுபாடு இருக்கும். அதனால் பந்து ஒரு பக்கமாகச் சாயும். வேகமாக உருளும்போது இது அவ்வளவாகத் தெரியாது. வேகம் குறையக் குறைய பந்து வளையத் தொடங்கும். நிற்கப் போகும்போது நன்றாகவே வளையும்.

ஆகவே ஜாக்கை நேராகப் பார்த்து உருட்டினால் பந்து வேறு எங்கோ போய்விடும். ஜாக்குக்குத் தள்ளி, வெட்ட வெளியைப் பார்த்து உருட்ட வேண்டும். பந்து வளைந்து வளைந்து ஜாக்கிடம் வந்து சேரும். எவ்வளவு தள்ளி உருட்டுவது? எவ்வளவு வேகம் கொடுப்பது? இதில்தான் கைத்திறன் இருக்கிறது.

தரையும் ஒரே மாதிரி இருக்காது. காய்ந்த தரையில் பந்து ஓடும். ஈரத் தரையில் மெதுவாகப் போகும். காற்றையும் பார்க்க வேண்டும். புல்லின் உயரத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பந்து மற்றொரு பந்தைத் தட்டி நகர்த்தலாம். ஜாக்கையே தட்டி நகர்த்தலாம். தோற்கும் நிலையில் உள்ள அணி கடைசிப் பந்தில் ஜாக்கைத் தன் பந்துகளின் பக்கம் தள்ளிவிட்டால் கணக்கே மாறிவிடும். ஆகவே கடைசிப் பந்து நிற்கும் வரை யாரும் வென்றதாகச் சொல்ல முடியாது.

நான்கு பேர், நான்கு வேலை

நான்கு பேர் அணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு.

முதலில் உருட்டுபவர் லீட். விரிப்பைப் போடுவதும் ஜாக்கை உருட்டுவதும் இவர் வேலை. ஜாக்கின் பக்கத்தில் முதல் பந்தைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வீட்டுக்குக் கடைக்கால் போடுவது போன்றது இது.

இரண்டாவதாக உருட்டுபவர் செகண்ட். லீட் நன்றாக ஆடினால் அதைப் பலப்படுத்துவார். லீட் தவறவிட்டால் அதைச் சரிசெய்வார்.

மூன்றாவது ஆள் தேர்ட். இரண்டு பந்துகளில் எது ஜாக்குக்கு அருகில் என்று சந்தேகம் வந்தால் அளந்து பார்ப்பவர் இவர். யோசனை சொல்பவரும் இவர்.

கடைசி ஆள் ஸ்கிப். இவர்தான் தலைவர். மற்றவர்கள் உருட்டும்போது ஸ்கிப் மறு முனையில் ஜாக்கின் பக்கம் நிற்பார். எந்தப் பக்கம் உருட்ட வேண்டும், எவ்வளவு வேகம் வேண்டும் என்று கையைக் காட்டிச் சொல்வார். கடைசிப் பந்துகளை உருட்டுவதும் அவர்தான். பளு முழுவதும் அப்போது அவர் தோளில் இருக்கும்.

இந்திய அணியில் லீட் லவ்லி சௌபே. செகண்ட் பிங்கி. தேர்ட் நயன்மோனி சைக்கியா. ஸ்கிப் ரூபா ராணி டிர்க்கி.

ஆட்டம் பிறந்த கதை

இது இங்கிலாந்து நாட்டின் பழைய ஆட்டம். அங்கே சவுத்தாம்ப்டன் என்ற நகரத்தில் ஒரு பழைய ஆடுகளம் இருக்கிறது. 1299-ஆம் ஆண்டிலிருந்தே அங்கே பந்து உருட்டி வருவதாகச் சொல்கிறார்கள். 700 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

வெள்ளைக்காரர்கள் எந்த நாட்டுக்குப் போனார்களோ, அந்த நாட்டுக்கெல்லாம் இந்த ஆட்டமும் போனது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் அது வேரூன்றியது. நம் நாட்டுக்கும் வந்தது. ஆனால் கொல்கத்தா போன்ற நகரங்களில் கிளப்புகளின் மதிற்சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. தெருவுக்கு வரவில்லை.

பிரிட்டனின் ஆட்சியில் இருந்த நாடுகள் பலவும் சேர்ந்து காமன்வெல்த் என்ற அமைப்பில் உள்ளன. அந்த நாடுகளுக்கு இடையே 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை விளையாட்டுப் போட்டி நடக்கும். முதல் போட்டி 1930-இல் கனடாவில் நடந்தது. அப்போதே லான் பவுல்ஸ் அதில் இருந்தது. 1966-ஆம் ஆண்டு தவிர எல்லாப் போட்டிகளிலும் அது இடம்பெற்றது.

ஆனால் நீண்ட காலம் ஆண்கள் மட்டுமே ஆடினார்கள். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த போட்டியில்தான் பெண்களுக்கு இடம் கிடைத்தது. 52 ஆண்டுகள் அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நால்வர் வந்த வழி

இப்போது நம் நான்கு பேரைப் பார்ப்போம். ஓர் ஆச்சரியம் என்னவென்றால், நால்வரில் ஒருவர்கூட லான் பவுல்ஸ் ஆட்டத்தில் தொடங்கவில்லை. நால்வரும் வேறு விளையாட்டிலிருந்து வந்தவர்கள்.

லவ்லி சௌபே ஜார்க்கண்ட் மாநிலத்தின் ராஞ்சி நகரைச் சேர்ந்தவர். ஜார்க்கண்ட் காவல்துறையில் காவலராக வேலை பார்த்தார். அவர் முதலில் ஓட்டக்காரர். 100 மீட்டர் ஓட்டம் ஓடியவர். உடம்பில் காயம் ஏற்பட்டது. ஓட்டத்தைத் தொடர முடியவில்லை. அதன் பிறகுதான் லான் பவுல்ஸ் பக்கம் வந்தார். 2008-இல் தேசியப் போட்டியில் பரிசு வென்றார். பரிசுப் பணம் 70,000 ரூபாய். இதையே தொடரலாம் என்ற துணிவு வந்தது. தங்கம் வென்றபோது அவர் நாற்பது வயதைத் தாண்டியிருந்தார்.

நயன்மோனி சைக்கியா அசாம் மாநிலத்தின் கோலாகாட் மாவட்டத்தைச் சேர்ந்தவர். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் முதலில் பளு தூக்கினார். அவருக்கும் காயம் ஏற்பட்டது. பளு தூக்குவதை விட வேண்டி வந்தது. 2008-இல் அவரும் லான் பவுல்ஸ் ஆடத் தொடங்கினார். அசாம் வனத்துறையில் காவலராக வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்.

ரூபா ராணி டிர்க்கியும் ராஞ்சியைச் சேர்ந்தவர். பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த பெண். அவர் முதலில் கபடி ஆடினார். பிறகு ஜார்க்கண்ட் அரசின் விளையாட்டுத் துறையில் அதிகாரியானார்.

பிங்கி டில்லியைச் சேர்ந்தவர். முன்பு கிரிக்கெட் ஆடியவர். டில்லியில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித் தருவது அவர் வேலை.

ஒரு காவலர், ஒரு வனக்காவலர், ஓர் ஆசிரியை, ஓர் அதிகாரி. நால்வரும் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடியவர்கள். வசதி படைத்தவர்கள் பொழுது போக்க ஆடிய ஆட்டத்தை இவர்கள் வேலைக்கு நடுவே கற்றார்கள்.

ஓட்டத்தில் ஒரு நொடி பிந்தினாலும் தோல்விதான். அதனால் ஓட்டக்காரருக்கு இளமை முக்கியம். பளு தூக்குபவருக்கு உடல் வலு முக்கியம். லான் பவுல்ஸ் அப்படி அல்ல. கண், கை, பொறுமை, கணக்கு ஆகிய நான்கும் சேர வேண்டும். பழகப் பழகக் கூடும் திறன் இது. ஒரு கதவு மூடியபோது அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிடவில்லை. வேறு கதவு இருக்கிறதா என்று தேடினார்கள்.

தரையும் இல்லை, பந்தும் இல்லை

ஆடத் தொடங்கியதும் எல்லாம் எளிதாகிவிடவில்லை.

முதல் தடை ஆடுகளம். லான் பவுல்ஸ் தரையை அமைப்பது சாதாரண வேலை இல்லை. மேடு பள்ளம் ஒரு விரற்கடைகூட இருக்கக் கூடாது. புல்லை ஒட்ட வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்ச வேண்டும். உருளை போட்டு உருட்ட வேண்டும். இப்படிப்பட்ட தரைகள் நம் நாட்டில் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன.

2010-இல் காமன்வெல்த் போட்டி டில்லியில் நடந்தது. அதற்காக ஜவகர்லால் நேரு விளையாட்டரங்க வளாகத்தில் தரை அமைத்தார்கள். 2011-இல் ராஞ்சியில் தேசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதிலும் லான் பவுல்ஸ் இருந்தது. கிளப்புக்கு வெளியே தரை வந்தது. அதனால் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் பலரும் இதை ஆட முடிந்தது. இதை நாம் கவனிக்க வேண்டும். திறமை எங்கும் இருக்கிறது. இடம் கிடைத்தால்தான் அது வெளியே வருகிறது.

இரண்டாவது தடை பந்து. இந்தப் பந்துகளை நம் நாட்டில் வாங்குவது கடினம். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற நாடுகளிலிருந்து வரவழைக்க வேண்டும். விலையும் அதிகம்.

மூன்றாவது தடை, யாருக்கும் இந்த ஆட்டம் தெரியாதது. கிரிக்கெட் ஆடினால் ஊரே பார்க்கும். லான் பவுல்ஸ் ஆடினால் யார் பார்ப்பார்கள்? பத்திரிகையில் பெயர் வராது. பணம் கொடுத்து ஆதரிக்கும் நிறுவனங்களும் தேடி வருவதில்லை.

வென்றதற்கு முன் தோற்றது

2010-இல் டில்லியில் இந்திய அணி ஆடியது. பதக்கம் இல்லை. 2014-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் போட்டி நடந்தது. பதக்கம் இல்லை. 2018-இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில் நடந்தது. அப்போதும் பதக்கம் இல்லை.

ஒவ்வொரு போட்டிக்கும் இடையே 4 ஆண்டுகள். 4 ஆண்டு பழகி, சில நாள் ஆடி, வெறுங்கையோடு திரும்ப வேண்டும். திரும்பி வந்ததும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். மாலையில் மீண்டும் பந்தை எடுக்க வேண்டும். இதற்கு மனத்தில் உறுதி வேண்டும்.

பர்மிங்காம் போட்டி

2022-இல் காமன்வெல்த் போட்டி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நடந்தது. லான் பவுல்ஸ் ஆட்டங்கள் பக்கத்து ஊரான லெமிங்டன் ஸ்பாவில் நடந்தன.

முதல் ஆட்டம் இங்கிலாந்து அணியுடன். ஆட்டம் பிறந்த நாடு அது. அந்த ஆட்டத்தில் நம் பெண்கள் தோற்றார்கள். ஆனால் கலங்கவில்லை. அடுத்து குக் தீவுகள் அணியை வென்றார்கள். கனடாவை வென்றார்கள். காலிறுதியில் நார்ஃபோக் தீவு அணியை வென்றார்கள். அரையிறுதிக்குப் போனார்கள்.

அரையிறுதி ஆகஸ்டு 1-ஆம் தேதி. எதிர் அணி நியூசிலாந்து. இந்த ஆட்டத்தில் கைதேர்ந்த நாடு. தொடக்கமே மோசமாக அமைந்தது. 2 சுற்றுகள் முடிந்தபோது நியூசிலாந்து 5, இந்தியா 0.

இங்கேதான் நான்கு பேர் அணி என்பதன் பொருள் தெரியும். ஒருவர் தவறவிட்டால் அடுத்தவர் ஈடுகட்ட வேண்டும். கோபப்பட்டால் கை நடுங்கும். கை நடுங்கினால் பந்து விலகும். நம் பெண்கள் பொறுமையாக ஆடினார்கள். ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்தார்கள். 14 சுற்றுகள் முடிந்தன. நியூசிலாந்து 13, இந்தியா 12. ஒரே ஒரு புள்ளி குறைவு. மிச்சம் இருப்பது ஒரே ஒரு சுற்று.

கடைசிச் சுற்றில் ஸ்கிப் ரூபா ராணி மிக அருமையாகப் பந்தை உருட்டினார். அந்தச் சுற்றில் இந்தியாவுக்கு 4 புள்ளிகள் கிடைத்தன. 12-உடன் 4 சேர்ந்தால் 16. இந்தியா 16, நியூசிலாந்து 13. இறுதிப் போட்டிக்குப் போனார்கள். இனித் தோற்றாலும் வெள்ளி உறுதி. காமன்வெல்த் போட்டியின் லான் பவுல்ஸ் ஆட்டத்தில் இந்தியாவுக்குப் பதக்கம் கிடைப்பது அதுவே முதல் முறை.

மறுநாள் இறுதி ஆட்டம். எதிர் அணி தென்னாப்பிரிக்கா. முதலில் இந்தியா முந்தியது. ஒரு கட்டத்தில் இந்தியா 8, தென்னாப்பிரிக்கா 2. வெற்றி கையில் இருப்பது போலத் தோன்றியது. ஆனால் தென்னாப்பிரிக்கா விடவில்லை. எட்டிப் பிடித்து 8-க்கு 8 என்று சமன் செய்தது. பிறகு 10-க்கு 8 என்று முந்தியும் போனது.

முந்தைய நாள் பின்தங்கியிருந்து எழுந்து வந்தார்கள். இன்று கையில் இருந்ததை இழந்து நிற்கிறார்கள். இரண்டாவது நிலைதான் மனத்துக்கு அதிகக் கஷ்டம். ஆனால் அதற்குப் பிறகு தென்னாப்பிரிக்காவால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. கடைசிச் சுற்றுகள் எல்லாம் இந்தியாவுக்கே. 8 என்பது 17 ஆனது. ஆட்டம் 17-க்கு 10 என்று முடிந்தது.

தங்கம்! நான்கு பெண்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

அதே போட்டியில் இந்திய ஆண்கள் அணியும் வெள்ளிப் பதக்கம் வென்றது. சுனில் பகதூர், நவ்நீத் சிங், சந்தன் குமார் சிங், தினேஷ் குமார் ஆகிய நால்வர் அந்த அணியில் ஆடினார்கள்.

பிறகு என்ன ஆனது?

இந்திய அரசு சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு அர்ஜுனா விருது தருகிறது. 2022-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது நயன்மோனி சைக்கியாவுக்குக் கிடைத்தது. அதே பட்டியலில்தான் சென்னையைச் சேர்ந்த சதுரங்க வீரர் பிரக்ஞானந்தாவின் பெயரும் இருந்தது. 2023-ஆம் ஆண்டுக்கான விருது பிங்கிக்குக் கிடைத்தது. யாருக்கும் தெரியாத ஆட்டத்தின் பெயர் குடியரசுத் தலைவர் மாளிகை வரை போனது.

இதற்கு வயது உண்டா?

லவ்லி சௌபே நாற்பதைத் தாண்டி வென்றார் என்று படித்தோம். இந்த ஆட்டத்தில் அதைவிட மூத்தவர்களும் வென்றிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் டேவிட் பிரையன்ட் என்பவர் இந்த ஆட்டத்தின் பெரிய வீரர்களில் ஒருவர். அவரும் ஒரு பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1966-இல் உலக ஒற்றையர் பட்டம் வென்றார். 1980-இல் மீண்டும் வென்றார். 1988-இல் மூன்றாவது முறை வென்றார். அப்போது அவருக்கு வயது 56.

நம் பெண்கள் தங்கம் வென்ற அதே 2022 போட்டியில் ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் மில்லர் என்பவரும் தங்கம் வென்றார். அவருக்கு வயது 75. பார்வைக் குறை உள்ளவர்கள் ஆடும் பிரிவு அது. ஆடுபவருக்கு ஜாக் எங்கே இருக்கிறது, பந்து எங்கே போய் நின்றது என்று பக்கத்தில் இருந்து ஒருவர் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லி வழிகாட்டியவர் அவர். காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றவர்களிலேயே மிக மூத்தவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? நம் ஊரில் சிலர் கேட்பார்கள். "இத்தனை வயசுக்கு மேல எதுக்குப் படிப்பு? இனிமே படிச்சு என்ன ஆகப் போகுது?" மாலையில் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் அக்காமார்கள் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். லவ்லி சௌபேயும் நயன்மோனியும் தொடங்கியது வேறு இடம். வென்றது வேறு இடம். காலம் கடந்துவிட்டது என்று அவர்கள் அன்றே நின்றிருந்தால் 2022-ஆம் ஆண்டு தங்கம் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. முயற்சி மட்டும் போதாது. அவர்கள் ஊரில் ஒரு தரை இருந்தது. சொல்லித் தர ஆள் இருந்தார்கள். பிழைக்க ஒரு வேலை இருந்தது. இவை எல்லாம் இருந்ததால்தான் முயற்சி பலித்தது. தரை இல்லாத ஊர்களில் எத்தனை லவ்லிகள் இருக்கிறார்களோ! நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு விளையாட ஓர் இடம் உண்டா? பள்ளியில் பந்து இருந்தாலும் அது பெண் பிள்ளைகள் கைக்கு வருகிறதா? இதை நாமே நம் ஊரில் பார்த்துச் சொல்ல முடியும். ஊராட்சிக் கூட்டத்தில் கேட்கவும் முடியும்.

கலந்து பேசுவோம்

1. இந்த ஆட்டத்தில் பந்து ஏன் நேராகப் போவதில்லை?

2. நம் அணியின் மூன்று பந்துகள் ஜாக்குக்கு மிக அருகில் நிற்கின்றன. நான்காவதாக எதிர் அணியின் பந்து நிற்கிறது. நமக்கு எத்தனை புள்ளிகள்?

3. லவ்லி சௌபேயும் நயன்மோனி சைக்கியாவும் முதலில் ஆடிய விளையாட்டுகள் எவை? அவற்றை ஏன் விட்டார்கள்?

4. நியூசிலாந்துடன் ஆடியபோது 14 சுற்றுகள் முடிவில் இந்தியாவுக்கு எத்தனை புள்ளிகள்? கடைசிச் சுற்றில் எத்தனை கிடைத்தன?

5. உங்கள் ஊரில் பெண்கள் விளையாட இடம் இருக்கிறதா? இல்லை என்றால் எந்த இடத்தைக் கேட்கலாம்? எல்லாரும் சேர்ந்து பேசி ஒரு மனு எழுதிப் பாருங்கள்.